நூறில் நாற்பது போன பிறகு: ஒரு வீட்டைக் குறைந்த செலவில் எடுப்பாக்கிய நிகழ்வு ஆய்வு

“அக்கா, காசெல்லாம் போட்டாச்சு. ஆனா வீடு இன்னும் வாடகை வீடு மாதிரியேதான் இருக்கு.” அந்தப் பெண் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார்.

சொந்த வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஹாலை ஒட்டியே சாப்பிடும் இடம், ஒரு சமையலறை. கட்டிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. கணவன், மனைவி, கணவரின் அம்மா, பள்ளிக்குப் போகும் ஒரு பையன். வீட்டைக் கொஞ்சம் ‘ரிச்’சாக ஆக்க வேண்டும் என்று ஒரு தொகையை ஒதுக்கியிருந்தார்கள். அது எவ்வளவு என்பதை விடுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். நூறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். உள்அலங்கார வேலைக்கு என்னைக் கூப்பிடும்போது அதில் நாற்பது பங்கு போய்விட்டிருந்தது.

நாற்பதும் போன வழி இது: சோபாவுக்கு 24, சரவிளக்குக்கு 9, டி.வி. இருக்கும் சுவரில் ஒட்டிய தங்கக்கோடு போட்ட ஃபோம் பேனலுக்கு 4, மேஜைமேல் வைக்கும் சின்னச் சின்ன அலங்காரச் சாமான்களுக்கு 3. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பேனலைத் தவிர எதையும் குறை சொல்ல முடியாது. சோபா நிஜமாகவே நல்ல சோபா, அரக்குச் சிவப்புத் துணி, உறுதியான சட்டம். ஆனால் எல்லாம் சேர்ந்து ஹாலில் இருந்த விதம், லாரியிலிருந்து இறக்கிவிட்டு இன்னும் இடம் பார்த்து வைக்காத சாமான் மாதிரி இருந்தது.

வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு வீட்டை இரண்டு தடவை பார்ப்பது என் வழக்கம். ஒன்று காலை, இன்னொன்று விளக்குப் போட்ட பிறகு. காலையில் பார்த்தபோது, அந்த நாற்பது பங்கு ஏன் பலன் தரவில்லை என்பது ஓரளவு தெரிந்தது. புது சோபாவுக்குப் பின்னால் இருந்த சுவர், சோபா வருவதற்கு முன் அழுக்காகத் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்தது. சுவிட்ச் பெட்டிகள் மஞ்சளடித்திருந்தன. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடியது. புதுப்பொருள் ஒன்று உள்ளே வந்ததும் பழசெல்லாம் ஒரு படி இறங்கிவிட்டது.

இது புதிதாக நடப்பது இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ, தனக்குக் கிடைத்த ஒரு புதுச் சிவப்பு அங்கிக்கு முன்னால் அறையில் இருந்த மற்ற சாமான்களெல்லாம் சோபையிழந்து போனதையும், ஒவ்வொன்றாக மாற்றியதையும் புலம்பலாகவே எழுதிவைத்திருக்கிறார். மானுடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் 1988இல் இதற்கு ‘திதெரோ விளைவு’ என்றே பெயர் வைத்தார். இந்த வீட்டில் அங்கிக்குப் பதில் சோபா, நிறம்கூட ஏறக்குறைய அதேதான். அடுத்து என்ன வாங்கலாம் என்று கணவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் முதலில் இருந்தது இன்னும் பெரிய டி.வி. அந்தப் பட்டியலை வாங்கி மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். திருப்பித் தரவே இல்லை.

இரவு பார்வை

ஏழரை மணிக்கு மறுபடியும் போனேன். ஹாலில் இரண்டு டியூப் லைட், இரண்டுமே 6500 கெல்வின், அதாவது பெட்டியில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருக்கும் நீலம் கலந்த வெள்ளை. சரவிளக்கில் இருந்த ஐந்து பல்பும் அதே நிறம். எல்லா வெளிச்சமும் மேலேயிருந்து கொட்டியதால் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லாருமே களைத்தவர்கள் மாதிரி தெரிந்தார்கள். போதாக்குறைக்குச் சரவிளக்கு ஹாலின் நட்டநடுவில், நடக்கிற வழியில் தொங்கியது. கணவர் கொஞ்சம் உயரமானவர். நாலு தடவை குனிந்து போனதைப் பார்த்தேன். குனிகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

அரக்குச் சிவப்பு சோபா இரவில் பழுப்பாகத் தெரிந்தது. “கடையில பார்த்த கலர் இது இல்லைக்கா, மாத்திக் குடுத்துட்டாங்கன்னு நினைக்கிறேன்” என்றார் மனைவி. மாற்றிக் கொடுக்கவில்லை. எல்.இ.டி. விளக்கின் நிற வெளிப்பாட்டை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் சொல்வார்கள். நூறு என்பது உச்சம், சாதாரணமாகக் கிடைப்பவை 80 சொச்சம். ஆனால் இந்த எண்ணைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் எட்டு மாதிரி நிறங்களில் அடர்சிவப்பு கிடையாது. அது ஆர்9 என்று தனியாக நிற்கிறது. அதனால் 80 என்று போட்டிருக்கும் பல்பு சிவப்பை அப்படியே சாகடிக்கலாம். சிவப்பு, மரநிறம், மனிதத் தோல் மூன்றும் இதில்தான் அடிபடும். பையிலிருந்து ஒரு 2700 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்சம் தரும், சி.ஆர்.ஐ. 90க்கு மேற்பட்ட பல்பை எடுத்து, அவர்கள் வீட்டு மேஜை விளக்கில் மாட்டி சோபாவின் பக்கத்தில் வைத்துவிட்டு டியூபை அணைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையன் மட்டும் “ஹோட்டல் மாதிரி இருக்கு” என்றான்.

வேலை எனக்குக் கிடைத்தது அந்த நிமிடத்தில்தான்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் வெளிச்சம் எல்லா இடத்துக்கும் நல்லது என்று இல்லை. சமையல் மேடைக்கும் பையன் படிக்கிற மேஜைக்கும் 4000 கெல்வினே வைத்தோம். மங்கலான வெளிச்சத்தில் நீல வெள்ளை சாம்பலாகவும் சோகையாகவும் தெரியும் என்பதைக் குருய்தோஃப் என்ற டச்சு இயற்பியலாளர் 1941லேயே வரைபடமாகப் போட்டார். அவர் போட்ட கோட்டைப் பின்னால் வந்த ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் மாலையில் ஹாலில் உட்கார்ந்து பேசுகிற அளவு வெளிச்சத்தில் 6500 கெல்வின் எடுபடாது என்பதற்கு என் அனுபவமே போதும்.

எந்த வேலை முதலில்

மிச்சம் 60 பங்கு. நான் சொன்ன வரிசை: வேண்டாததை எடுப்பது, விளக்கு, சுவர், துணி. வாங்குவது கடைசி. வரிசையைக் கேட்டுக் கணவர் கொஞ்சம் தயங்கினார். பெயின்ட் அடித்த பிறகுதானே விளக்கு என்று கேட்டார். தலைகீழ். பெயின்டின் நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோமோ அந்த வெளிச்சத்தில்தான் அது அந்த நிறம். பழைய டியூப் வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்த ‘கிரீம்’ புது பல்புக்குக் கீழே வெண்ணெய் நிறமாக மாறிவிடும். பல்பை முதலில் மாற்றிவிட்டு, இரண்டடிக்கு இரண்டடி அட்டைகளில் நாலு நிறத்தை அடித்து, வேறு வேறு சுவரில் சாய்த்துவைத்து, மூன்று நாள் காலையும் இரவும் பார்த்தோம். மாமியார் தேர்ந்தெடுத்ததுதான் கடைசியில் நின்றது, லேசாகச் சாம்பல் கலந்த மண்வெள்ளை.

எடுப்பது என்றால் முதலில் அந்த ஃபோம் பேனல். ஓரங்கள் ஏற்கெனவே சுருண்டு தூக்கிக்கொண்டிருந்தன. பசையைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி மெதுவாக உரித்தோம். அப்படியும் இரண்டு இடத்தில் பெயின்டோடு, சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டியும் சேர்ந்து வந்துவிட்டது. மேஜைச் சாமான்களில் முக்கால்வாசி பரணுக்குப் போனது. டி.வி.க்குக் கீழே தொங்கிய ஏழு ஒயர்களும் ஒரு பிளாஸ்டிக் கேசிங்குக்குள் போயின. செலவு அநேகமாக ஒன்றுமில்லை, அரை நாள் வேலை. ஹால் பாதி சரியானது அதில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சரவிளக்கை என்ன செய்வது என்று ஒரு விவாதம் நடந்தது. கொடுத்துவிடலாம் என்று மனைவி, ஒன்பது பங்கு போட்டதை எப்படிக் கொடுப்பது என்று கணவர். சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஏற்கெனவே ஒரு லைட் பாயின்ட் இருந்தது. விளக்கின் எடையைத் தாங்கும்படி கான்கிரீட்டில் கொக்கி போட்டு அங்கே மாற்றினோம். மேஜையின் மேல்பரப்பிலிருந்து விளக்கின் அடிப்பகுதி 80 சென்டிமீட்டர். 75இலிருந்து 90க்குள் இருந்தால் எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காது, வெளிச்சமும் மேஜையை விட்டுச் சிதறாது. மேஜைக்கு மேலே யாரும் நடக்கப் போவதில்லை, குனிவதும் நின்றது. ஹாலில் கிடந்தபோது அலட்டலாகத் தெரிந்த அதே விளக்கு இங்கே பொருந்தி உட்கார்ந்துவிட்டது. பல்புகளைக் குறைந்த வெளிச்சத்தில், பால் கண்ணாடி போட்டதாக மாற்றினோம். ஒரே வகை, ஒரே கெல்வின். இரண்டு கூடுதலாக வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுவைக்கச் சொன்னேன். ஹாலுக்கு ஒரு நிற்கும் விளக்கு, இரண்டு மேஜை விளக்கு. டியூப்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெருக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

சுவர்

இந்த வேலையின் மையமே சுவர்தான், செலவிலும் அதிகம், 22 பங்கு. முதலில் கணவருக்கு இது வலித்தது. நிறம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு என்றார். காசு நிறத்துக்குப் போகவில்லை. பட்டி பார்த்துத் தேய்ப்பதற்குப் போனது.

வந்த பெயின்டர் நல்ல வேலைக்காரர். முதல் நாள் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தார். நேராகப் பார்த்தால் சமமாகத் தெரிந்த சுவர், அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாக எழுந்தது. பழைய ஆணி ஓட்டைகள், கரணை இழுத்த தழும்பு, முந்தைய தடவை பெயின்ட் வழிந்து உறைந்த கோடு. ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டம் போட்டார். ஒரு சுவரில் மட்டும் முப்பதுக்கு மேல் வட்டங்கள். “மேடம், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா இதை விட்டா, ஏதோ சரியில்லைன்னு மட்டும் தெரியும்” என்றார். என் தொழிலில் இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பட்டி வைத்து, காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, மறுபடியும் டார்ச். பிறகுதான் பிரைமர். மேல்பூச்சுக்கு மேட், அதாவது பளபளப்பில்லாத வகை. பளபளப்பான பெயின்ட்தான் பணக்காரத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பளபளப்பு சுவரின் ஒவ்வொரு குற்றத்தையும் சபையில் சொல்லிவிடும். மேட் விழுங்கிக்கொள்ளும். அதற்கும் ஒரு விலை உண்டு. கைக்கறையைத் துடைத்தால் துடைத்த இடம் தனியாக மினுங்கும். அதனால் பையன் ஓடி வருகிற நடைவழியில் மட்டும் கழுவக்கூடிய, லேசான மினுமினுப்பு உள்ள வகை.

கதவு நிலை விரிசல்தான் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. முன்பு வேலை செய்த யாரோ அதில் சிலிக்கானை அடைத்திருந்தார்கள். சிலிக்கான்மேல் பெயின்ட் பிடிக்காது, எண்ணெய்மேல் தண்ணீர் மாதிரி விலகிப் போகும். பதினொரு வருடமாக அந்த இடம் கோடாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். பிளேடால் முழுக்க அறுத்தெடுத்து, பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட்டை அடைத்து, ஈரவிரலால் ஒரே இழுப்பில் வழித்து, ஒருநாள் விட்டோம். ஆறு கதவுக்கும் ஒன்றரை நாள் ஆனது. சுவரின் அடிப்பட்டையான ஸ்கர்ட்டிங்கையும் கதவு நிலையையும் சுவரின் அதே நிறத்தில், கொஞ்சம் மினுமினுப்பு கூட்டி அடித்தோம். சுவர் எங்கே முடிகிறது, நிலை எங்கே ஆரம்பிக்கிறது என்ற வெட்டுக் கோடுகள் மறைந்ததும் ஹால் சற்றுப் பெரிதானது போல இருந்தது.

சுவிட்சுகளைப் பற்றி ஒரு வரி. மூன்று வெவ்வேறு வகையில் பதினொரு பெட்டிகள் இருந்தன, அவற்றில் நாலு கோணல். எல்லாவற்றையும் ஒரே வெள்ளையில் மாற்றி, ரசமட்டம் வைத்து நேராக்கினார் எலக்ட்ரீஷியன்.

திரைச்சீலை

ஹால் ஜன்னல் 150 சென்டிமீட்டர் அகலம், 120 உயரம். பழைய ராடு ஜன்னல் சட்டத்துக்குச் சரியாக மேலே, சட்டத்தின் அகலத்துக்கே இருந்தது. சீலை ஜன்னலின் அடியோடு நின்றது. பார்க்கிறவருக்கு ஒரு ஓட்டையை மூடிவைத்த மாதிரி.

தரையிலிருந்து கூரை 285. புது ராடை 265இல் வைத்தோம், பக்கத்துக்கு 30 என்று அகலத்தை 210 ஆக்கினோம். சீலையைத் திறந்தால் துணி முழுக்கச் சுவர்மேல் ஒதுங்கும், கண்ணாடி முழுசாக வெளிச்சம் தரும். மூடினால் தரையிலிருந்து ஏறக்குறைய கூரைவரை ஒரே துணி, ஜன்னலின் அளவு யாருக்கும் தெரியாது. மடிப்பு விழ வேண்டுமென்றால் ராடின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும், இங்கே 420. துணிக்கடையில் விலையுயர்ந்த துணியை 250 சென்டிமீட்டர் அகலத்துக்கு வாங்குவதைவிடச் சாதாரணப் பருத்தியை 420 அகலத்துக்கு வாங்குவது மேல். நிறைய துணி என்பதுதான் கண்ணுக்குச் செழிப்பாகத் தெரிகிறது, துணியின் விலை அவ்வளவாக இல்லை. பின்னால் லைனிங்கும் கொடுத்தோம், அதுதான் கனத்தைத் தருகிறது.

இங்கே ஒரு தவறு செய்தேன். பருத்தியைத் தைப்பதற்கு முன் நனைத்து உலர்த்த வேண்டும். அவசரத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் சலவையிலேயே ஏழு சென்டிமீட்டர் சுருங்கி, தரையைத் தொட வேண்டிய சீலை கணுக்கால் தெரிய நின்றது. தையல்காரர் அடிமடிப்பை 12 சென்டிமீட்டர் விட்டுத் தைத்திருந்ததால் பிழைத்தோம். பிரித்து இறக்கினோம். பழைய மடிப்பின் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. போகும்போதெல்லாம் என் கண் நேராக அங்கேதான் போகிறது.

தரைவிரிப்பு

பழைய விரிப்பு 90க்கு 150 சென்டிமீட்டர். சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவே அநாதையாகக் கிடந்தது. சோபாவின் முன்கால்களாவது விரிப்பின்மேல் நிற்க வேண்டும், அப்போதுதான் இருக்கைகள் ஒரு கூட்டமாகத் தெரியும். அதற்கு 200க்கு 300 தேவைப்பட்டது. அந்த அளவில் நெய்த விரிப்பைக் கேட்டால் மொத்த பட்ஜெட்டும் அதற்கே போய்விடும். கார்ப்பெட் சுருளிலிருந்து வேண்டிய அளவு வெட்டி, நாலு ஓரத்தையும் அகலப் பட்டை வைத்துத் தைத்து வாங்கினோம். அடியில் வழுக்காத வலை. 7 பங்கில் முடிந்தது.

சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தோம். படங்களைக் கீழே இறக்கினோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 வரை இருந்தால் போதும். அநேக வீடுகளில் கூரைக்குப் பக்கத்தில்தான் மாட்டிவைக்கிறார்கள்.

சமையலறையில் சறுக்கியது

கைப்பிடிகளை மாற்றினாலே அலமாரி புதிதாகத் தெரியும் என்பது சரிதான். ஆனால் கைப்பிடி வாங்கும்போது பார்க்க வேண்டியது மொத்த நீளம் இல்லை, இரண்டு திருகுகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம். பழையவை 96 மில்லிமீட்டர். கணவர் ஆசையாக வாங்கிவந்தது 128. மாட்டினால் பதினாறு பழைய ஓட்டைகள் வெளியே தெரியும். திருப்பிக் கொடுத்து 96 வாங்கினோம்.

பெரிய சறுக்கல் கதவுப் பலகைகளில். லேமினேட் போட்ட பலகைகளுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். லேமினேட் எதையும் உறிஞ்சாது. நன்றாகத் தேய்த்து மினுமினுப்பைப் போக்கி, ஒட்டும் பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகும் அது இறுகச் சில வாரம் பதமாகப் புழங்க வேண்டும். காய்வது வேறு, இறுகுவது வேறு. நடந்தது என்னவென்றால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த இரண்டு பலகைகளை அவசரமாகத் தேய்த்தார்கள், மறுநாளே சமையல் ஆரம்பித்துவிட்டது. இரண்டே மாதத்தில் கைப்பிடிக்கு அடியில் தோல் உரிவது போல உரிந்தது. ஒரு குடும்பம் மூன்று வாரம் சமையலறையைப் பூப்போலப் புழங்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். இப்போதெல்லாம் தொட்டிப் பக்கம் பெயின்ட் அடிக்கச் சொல்வதில்லை. அந்த இரண்டு பலகைகளை மட்டும் புதிதாக லேமினேட் ஒட்டியே போட்டோம்.

கணக்கு

சுவர் 22, சீலை 11, விளக்கு 9, விரிப்பு 7, சுவிட்சும் கைப்பிடியும் 5, சில்லறை 2. ஆக 56. மிச்சம் இருந்த நாலில் மூன்றைத் தொட்டிப் பலகைகள் விழுங்கின. ஒரு பங்கு கையில். குளியலறையைத் தொடவே இல்லை. அங்கே டைல்ஸ் இடுக்குகள் கறுத்திருக்கின்றன, தொட்டி ஓரத்து சிலிக்கானும் போய்விட்டது. இடுக்கைச் சுரண்டி மறுபடி குரௌட் பூசுவது வீட்டுக்காரர்களே ஒரு வார இறுதியில் செய்யக்கூடிய வேலை. செய்கிறோம் என்றார்கள், இன்னும் செய்யவில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனேன். சுவர் அப்படியே இருந்தது, நடைவழியில் மட்டும் பையனின் கைத்தடங்கள். வந்தவர்கள் எல்லாம் சோபா புதுசா என்று கேட்கிறார்களாம். ஒன்றரை வருடத்துச் சோபா.

சாப்பிட உட்கார்ந்தோம். மேலே பார்த்த மாமியார் முகம் சுளித்தார். “அந்த ஒரு லைட்டு மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி இல்லை?” ஐந்து பல்பில் ஒன்று நீல வெள்ளையில் எரிந்துகொண்டிருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை. பழையது போய்விட்டதென்று முந்தின நாள் மகன் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டியிருக்கிறார்.

“இழுப்பறையில ரெண்டு இருக்குடா, அக்கா அன்னிக்கே சொல்லிட்டுப் போனாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.